வரியும் ஏறிவிட்டது, குப்பையும் அள்ளவில்லை: நகராட்சிப் பணம் எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் நகராட்சியில் 2022இல் சொத்து வரியை ஏற்றினார்கள். அதற்கப்புறமும் குப்பை வண்டி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. தெருவிளக்குகளில் பாதி எரிவதில்லை. கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். வரியையும் ஏற்றிவிட்டு நிதியும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? பற்றாக்குறையில் ஓடும் ஒரு ஊர், மக்கள் எதிர்பார்ப்பதை எப்படித்தான் செய்து கொடுக்க முடியும்?"

இருபது வருடத்துக்கு மேல் ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் கோபம் நியாயமானது. அதே சமயம், நிதி இல்லை என்று சொன்ன அலுவலர் அநேகமாகப் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்தால், அடுத்த முறை அவரிடம் எதைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் சொத்து வரி. எல்லாச் சொத்துக்கும் வரியைத் திருத்தி அமைப்பதைப் பொதுச் சீராய்வு என்போம், சென்னையில் அது 1998இல் நடந்தது. மற்ற மாநகராட்சி, நகராட்சிகளில் 2008இல். அதன் பிறகு டீசல் விலை ஏறியது, சம்பளம் ஏறியது, மின் கட்டணம் ஏறியது, வரி மட்டும் அப்படியே நின்றது. 2018இல் ஒருமுறை ஏற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியது, உள்ளாட்சித் தேர்தலும் நெருங்கியது. 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த தவணையில் கழித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கழிவுக் கணக்கைப் போட்டு முடிக்கவே மாதக்கணக்கில் ஆனது.

அப்புறம், மத்திய அரசின் வரிப் பணத்தை எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து வளர வேண்டும், இல்லையென்றால் நகரங்களுக்கான மானியம் கிடையாது என்றது. இதைக் காரணம் காட்டித்தான் 2022 ஏப்ரலில் வரி ஏறியது. 2011இல் விரிவாக்கும் முன் இருந்த பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதம். மற்ற ஊர்களில் வீடுகளுக்கு 25இல் தொடங்கி 100 வரை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 1998இல் 1,000 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு வெறும் 3 சதவீதம் ஏற்றிக்கொண்டே வந்திருந்தால் 24 வருடத்தில், அதாவது 2022இல், அது 2,000 ரூபாயைத் தொட்டிருக்கும். ஒரே நாளில் 100 சதவீதம் என்று கேட்டுப் பதறினோமே, அதே இடத்துக்கு யாருக்கும் வலிக்காமல் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒவ்வொரு வருடமும் அந்தச் சின்ன ஏற்றத்தைச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. அந்தத் துணிவின்மைக்கான விலையை மொத்தமாக நாம் கட்டினோம். இப்போது ஆண்டுதோறும் ஏற்ற வழி செய்திருக்கிறார்கள். சென்னையில் 2024 அக்டோபரில் 6 சதவீதம் ஏறியது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் ஒன்று: ஆண்டுதோறும் வரி ஏறினால் ஆண்டுதோறும் கணக்கும் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். அது இன்னும் வரவில்லை.

உங்கள் ஊரின் நகர்மன்றம் நினைத்தாலும் தானாகப் பெரிதாக ஒன்றும் ஏற்றிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டார்கள். பணிகளுக்கு ஏற்ற பணத்துக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. எந்த வரியை எவ்வளவு வசூலிக்கலாம் என்பது மாநில அரசின் கையில்தான் இருக்கிறது.

சம்பளக்காரர்களிடமும் தொழில் செய்பவர்களிடமும் உள்ளாட்சி வாங்கும் தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உச்சவரம்பு 1988இல் வைத்தது. இன்றுவரை மாறவில்லை. மாதம் லட்சங்களில் சம்பளம் வாங்குபவரும் அரையாண்டுக்கு 1,250 ரூபாய்தான் கட்டுகிறார், அவருக்குப் பல படி கீழே இருப்பவரும் அதையேதான் கட்டுகிறார். நகரத்தில் சம்பாதிப்பவர்களிடமிருந்து நகரத்துக்கு வர வேண்டிய பணம் இதில் எவ்வளவு நின்றுபோகிறது என்று யோசித்துப் பாருங்கள். விளம்பர வரி என்று ஒன்று இருந்தது, ஜிஎஸ்டி வந்தபோது அந்த அதிகாரமும் போனது. மத்திய அரசின் கட்டடங்களுக்கு 285ஆம் பிரிவின்படி சொத்து வரி கிடையாது, சேவைக் கட்டணம் மட்டும் கேட்கலாம். நீங்கள் கட்டும் ரசீதிலேயே சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கிறது, ரூபாய்க்கு 10 பைசா. அது நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய பணம். நல்ல காரியத்துக்கான பணம்தான், சந்தேகமில்லை. ஆனால் ரசீதில் உள்ள மொத்தத் தொகையும் உங்கள் தெருவுக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

மீதி எங்கிருந்து வருகிறது? சொத்து கைமாறும்போது பத்திரச் செலவோடு வாங்கும் 2 சதவீத மாற்று வரி, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் 10 சதவீதப் பங்கு, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை. மாநிலப் பங்கு எங்கள் ஊருக்கு முழுதாக வந்து நான் பார்த்ததில்லை. கடன் தவணை, கூட்டுக் குடிநீர்த் திட்டப் பாக்கி என்று பிடித்தம் போகத்தான் வந்து சேரும்.

சரி, இப்போது வெளியில் அதிகம் பேசப்படாத விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சியின் உண்மையான பற்றாக்குறை பட்ஜெட் புத்தகத்தில் இருக்காது. பட்ஜெட் தயாரிக்கும்போது வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவோம்? கேட்பு எவ்வளவோ அதை எழுதுவோம். கேட்பு என்றால் ஊரில் எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் வர வேண்டிய தொகை. பழைய நிலுவையும் அதில் சேரும். பத்து வருடமாக நீதிமன்றத்தில் கிடக்கும் கல்யாண மண்டப வழக்கின் பாக்கிகூட அதில் வரவாக உட்கார்ந்திருக்கும். செலவுப் பக்கத்தை அந்த வரவுக்கு ஏற்றபடி விரித்துவிடுவோம். மன்றத்தில் வாசிக்கும்போது பற்றாக்குறை கொஞ்சமாகத்தான் தெரியும், சில வருடம் உபரிகூட வரும். வருடம் ஓட ஓட, வசூல் அந்த அளவுக்கு வராது. அப்போது யாரும் எதையும் ரத்து செய்வதாக அறிவிப்பதில்லை. ஒப்பந்தக்காரர் பில் மேஜையில் தங்கும். மின் கட்டணம் பாக்கி விழும். பல்பு வாங்கும் கோப்பு நகராது. உங்கள் தெருவிளக்கு எரியாததற்கு யாரும் உத்தரவு போடவில்லை. பணம் கொடுக்காததால் அது தானாக நடந்தது.

இப்படிச் சொல்லாமல் குறைப்பதுதான் மக்களை அதிகமாகக் காயப்படுத்துகிறது என்பது என் முடிவு. "இந்த வருடம் புதிய பூங்கா கிடையாது, விளக்கும் குப்பையும் தவறாது" என்று மன்றத்தில் தீர்மானம் போட்டுச் சொன்னால் சண்டை வரும், கவுன்சிலர்கள் மேஜையைத் தட்டுவார்கள். ஆனாலும் மக்களுக்கு எதை நம்பி இருக்கலாம் என்பது தெரியும். எல்லாம் உண்டு என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பாதியாகச் செய்தால் எதையுமே நம்ப முடியாமல் போகிறது. நம்பாதவர் வரியைத் தள்ளிப்போடுகிறார், வசூல் குறைகிறது, இன்னொரு விளக்கு அணைகிறது.

இதில் இன்னொரு சிக்கல் திட்டப் பணம். மத்திய அரசு, மாநில அரசு, உலக வங்கி, யார் கொடுத்தாலும் கட்டுவதற்குத்தான் கொடுக்கிறார்கள். வடிகால் கட்ட, பூங்கா அமைக்க, நடைபாதை போட. கட்டி முடித்துத் திறப்பு விழா நடந்த மறுநாளிலிருந்து அதைப் பெருக்குவது, விளக்குக்கு மின்சாரம், காவலாளி, உடைந்த ஓடு எல்லாம் உள்ளாட்சியின் பொதுநிதியில் விழும். ஊர் அழகாக அழகாகப் பொதுநிதி இளைத்துக்கொண்டே போகும். 2024-25 பட்ஜெட்டில் சென்னை மாநகராட்சி காட்டிய வருவாய் சுமார் 4,464 கோடி, செலவு சுமார் 4,727 கோடி, துண்டு விழுந்தது 262 கோடி. அடுத்த வருடம் அது 70 கோடிக்குள் இறங்கியது. சென்னைக்குக் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும் வசதி இருக்கிறது. 2025 மே மாதம் மழைநீர் வடிகாலுக்காக அப்படி 200 கோடி திரட்டியது. சின்ன நகராட்சிக்கு அந்த வசதி இல்லை.

நான் இருந்த ஊரில் ஒரு வருடம் வாய்க்கால் தூர்வாரும் பணத்தை எடுத்துப் பூங்காவில் செயற்கை நீரூற்று வைத்தார்கள். நானும் அந்தக் கோப்பில் குறிப்பு எழுதினேன், இது வேண்டாம் என்று. பலிக்கவில்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் பெய்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மோட்டார் வாடகைக்கு எடுத்து இறைத்தார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள், ப்ளீச்சிங் பவுடர் தூவினார்கள். அந்தச் செலவு மொத்தத்தையும் நான்தான் பதிந்தேன். தூர்வார ஒதுக்கியிருந்ததைவிட அதிகம். தண்ணீர் புகுந்த ஒரு வீட்டில் தையல் மெஷினை மேசை மேல் தூக்கி வைத்துவிட்டு ஒரு அம்மா கேட்டார்: "சார், போன மாசம்தானே வரி கட்டினேன்?" அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது எழுதுவதெல்லாம் அவருக்கான பதில்தான்.

அதனால் பணம் குறையும்போது முதலில் எதைத் தொடக் கூடாது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் நான்கைச் சொல்வேன்: குடிநீர், குப்பை, தெருவிளக்கு, மழைக்கு முன் தூர்வாருதல். நுழைவு வளைவு, நீரூற்று, நன்றாக இருக்கும் சாலை மேல் மறுபடி சாலை, இவையெல்லாம் காத்திருக்கலாம். இருக்கும் நான்கைப் பராமரிக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு மிஞ்சியதில்தான் புதியதைத் தொடங்க வேண்டும். நடைமுறையில் தலைகீழாக நடப்பதற்குக் காரணம், தூர்வாரிய வாய்க்காலுக்குக் கல்வெட்டு வைக்க முடியாது.

செலவைக் குறைக்கிறேன் என்று பல ஊர்கள் முதலில் கை வைப்பது தூய்மைப் பணியாளர்கள் மேல். அதைப் பற்றிச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் இல்லை. 2025இல் சென்னையில் மொத்தம் 15 மண்டலங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றில் குப்பை அள்ளும் வேலை ஏற்கெனவே தனியாரிடம் போய்விட்டது. அந்த வருடம் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் கொடுக்க முடிவானபோது ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, போலீஸ் அவர்களை அகற்றியது. 23 ஆயிரத்தை ஒட்டி வாங்கிய மாதச் சம்பளம் 17 ஆயிரத்துக்குள் வந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன முக்கியமான குறை. வருங்கால வைப்பு நிதி போன்ற பாதுகாப்பு தனியாரிடம் கிடைக்கும் என்பது நிர்வாகத் தரப்பு வாதம். இரண்டையும் கேட்ட பிறகும் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஊரிலேயே குறைவாகச் சம்பாதிக்கும் ஆளின் கூலியை வெட்டிச் சரிக்கட்டிய கணக்கு, சரிக்கட்டிய கணக்கே இல்லை. தனியாரிடம் கொடுப்பதானாலும் பழைய கூலி குறையாது என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதலாமே.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் 2023 செப்டம்பரில் தன்னால் செலவைச் சமாளிக்க முடியாது என்று சட்டப்படி அறிவித்தது. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராததால் வந்த கடன்சுமை அதில் பெரும்பங்கு. வரியை ஒரே வருடத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் ஏற்றினார்கள், அடுத்த வருடம் மறுபடி ஏற்றினார்கள், கூடவே சேவைகளையும் வெட்டினார்கள். 2025 மார்ச்சில் குப்பை அள்ளுபவர்கள் முழு வேலைநிறுத்தம் செய்து, தெருத்தெருவாகக் கறுப்புப் பைகள் குவிந்தன. அங்கும் கடைசியில் சுமை போய் நின்ற இடம் குப்பை வண்டிக்காரரின் சம்பளம்தான்.

அப்படியானால் வழி என்ன? நான் கண்ணால் பார்த்து நம்பிய ஒரு வழி ஆலந்தூர். பரங்கிமலைக்குப் பக்கத்தில், அப்போது தனி நகராட்சி. 2011இல்தான் சென்னையோடு சேர்ந்தது. 1990களில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிரம்பினால் லாரிக்குத் தனியாகக் காசு, கொசு, கெட்டுப்போன கிணறு. திட்டத்துக்கு 30 கோடிக்கு மேல் வேண்டியிருந்தது. நகராட்சியிடம் அவ்வளவு பணம் இல்லை. அப்போதைய தலைவர் ஆர்.எஸ். பாரதியும் அதிகாரிகளும் குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டுக் கணக்கைத் திறந்து வைத்தார்கள். இவ்வளவு செலவு, இவ்வளவு கடன், இவ்வளவு மானியம், மீதிக்கு வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை, கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 10,000. இணைப்பு வந்த பிறகு மாதக் கட்டணமும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் சின்னக் காசு இல்லை. ஒரு குழிகூடத் தோண்டுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டின.

அதைப் பார்த்தபோது எங்கள் அலுவலகத்தில் பலருக்கும் நம்ப முடியவில்லை. எங்கள் ஊரில் 300 ரூபாய் வரிக்கு நாலு முறை பில் கலெக்டர் நடக்க வேண்டும். அங்கே 5,000 எப்படி வந்தது? காரணங்கள் தெளிவாகத்தான் இருந்தன. எந்தக் காசு எதற்கு என்று தெரிந்திருந்தது. கட்டாவிட்டால் என்ன தொடர்ந்து செலவாகும் என்பதும் தெரிந்திருந்தது, அந்தச் செப்டிக் டேங்க் லாரிதான் சாட்சி. கேட்ட ஆட்கள் தெருவில் முகம் தெரிந்தவர்கள். மாநில நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடனோடு பின்னால் நின்றது. 2000இல் வேலை தொடங்கி, சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தி ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் அமைத்து, பிறகு வீடுகளுக்கு இணைப்பும் வந்தது.

ஆலந்தூரை எல்லா இடத்திலும் அப்படியே எடுத்து வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அது கணிசமான நடுத்தரக் குடும்பங்கள் இருந்த ஊர். அன்றாடக் கூலிக்குப் போகும் தெருவில் போய் வைப்புத்தொகை கேட்பது அநியாயம். அங்கே வசதியான வார்டின் பணமும் அரசின் மானியமும்தான் போய்ச் சேர வேண்டும். 2021இல் மறுபடி தொடங்கிய நமக்கு நாமே திட்டத்திலும் இதே குறை இருக்கிறது. வேலைச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். நல்ல திட்டம்தான், ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடிந்த தெருவுக்குத்தான் முதலில் பூங்கா வரும். மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சில ஏழைத் தெருக்களுக்கு முழுப் பணமும் என்று நகர்மன்றமே ஒரு பகுதியை ஒதுக்கினால் இந்தக் குறை தீரும்.

வரியைத் தொடாமல் பணம் வரும் இடங்களும் உண்டு. நகராட்சிக் கடைகளில் பல, பழைய வாடகைக்கே ஓடிக்கொண்டிருக்கும். எடுத்தவர் ஒருவர், உள்வாடகைக்கு நடத்துபவர் இன்னொருவர். மாடி கட்டியும் தரைத்தளத்துக்கு மட்டும் வரி கட்டும் வீடுகள், வீடு என்று பதிந்து மருத்துவமனையாகவோ விடுதியாகவோ நடக்கும் கட்டடங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. நிலுவைப் பட்டியலை மேலிருந்து கீழாகத் தொகைவாரியாக அடுக்கினால் முதல் ஐம்பது பெயரிலேயே பெரும்பகுதி அடங்கிவிடும், எங்கள் ஊரில் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஜப்தி நோட்டீஸ் முதலில் போவது 700 ரூபாய் பாக்கிக்காரர் வீட்டுக்கு. அவர்தான் பயப்படுவார் என்பது தெரியும். இந்தப் பழக்கத்தை மாற்ற வரி விகிதத்தைத் தொடவே வேண்டாம்.

உங்களுக்கு நேரடியாக ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் பகுதியில் மக்கள் உட்கார்ந்து பேசும் அந்தப் பகுதி சபை கூட வேண்டும். பல ஊர்களில் கூடுவதில்லை, கூடினாலும் கையெழுத்தோடு முடிகிறது. கூட்டச் சொல்லிக் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள், பத்துப் பேராகப் போங்கள். "ஏன் விளக்கு எரியவில்லை" என்று கேட்டால் "பார்க்கிறோம்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக மூன்று தாளைக் கேளுங்கள். போன வருடக் கேட்பும் வசூலும் வார்டுவாரியாக. முதல் ஐம்பது நிலுவைதாரர் பட்டியல். உங்கள் வார்டில் குப்பைக்கும் விளக்குக்கும் ஒதுக்கியதும் உண்மையில் செலவழித்ததும். தரத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். இந்த மூன்றும் கணக்குப் பிரிவில் இருக்கும் தாள்கள்தான், ஒரு நாளில் எடுத்துவிடலாம். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், யாராவது வந்து இதைக் கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த வருடங்கள் உண்டு.